ஒரு காலுக்கு நான்கு எண்கள்

"மேப்பிங் டேபிள் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சது சார்." புதுச்சேரியில் நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டக் கூட்டத்தில் மென்பொருள் பிரிவைச் சேர்ந்த ஒருவர் இப்படிச் சொன்னார். பல இடங்களில் கிடக்கும் நோயாளித் தரவுகளை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்பதுதான் அன்றைய பேச்சு. அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. இந்த வேலைக்குள் புதிதாக வருகிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு குறியீடு, அந்தப் பக்கம் ஒரு குறியீடு, நடுவில் ஒரு கோடு. கோடுகளை எல்லாம் போட்டு முடித்தால் ஆராய்ச்சியைத் தொடங்கிவிடலாம். கூட்டம் முடிந்து கடலூர் பேருந்தில் ஏறிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அதற்கு நிதானமாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் திட்டம் கொசு பரப்பும் ஃபைலேரியாப் புழுவால் வரும் யானைக்கால் நோயைப் பற்றியது. கால் வீங்கியவர்களுக்கு அவ்வப்போது குளிர்காய்ச்சல் வரும், கால் சிவந்து எரியும், சில நாள் படுக்கையில் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் வீக்கம் இன்னும் கொஞ்சம் நிலைத்துப்போகும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டு வந்தால் இந்தத் தாக்குதல்கள் குறையும் என்பது தெரிந்ததுதான். யாருக்குக் குறைகிறது, யாருக்குக் குறையவில்லை, ஏன் என்பதைப் பல ஆண்டுத் தரவை வைத்துப் பார்க்க விரும்பினோம். இதற்கு எங்கள் கடற்கரையைப் போல இன்னொரு இடம் அமைவது கடினம். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கொசு ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் புதுச்சேரியில் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை நகரம் முழுக்க ஃபைலேரியா கொசுவை ஒழிக்கும் பெரிய செயல்முறைத் திட்டம் நடந்தது. வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் டிஇசி மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தமிழகம் 1996-இல் முதலில் முயன்று பார்த்தது கடலூர் மாவட்டத்தில்தான். வீட்டுக்கு வீடு வந்து கொடுத்த "யானைக்கால் மாத்திரை"யை விழுங்கி வளர்ந்தவர்கள் நாங்கள்.

தரவு இல்லாமல் இல்லை. சிதறிக் கிடக்கிறது. கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடையில் மாநிலம் மாறிவிடும். ரெட்டிச்சாவடிப் பக்கத்துக்காரர் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையப் பட்டியலில் இருப்பார், காய்ச்சல் வந்தால் புதுச்சேரிக்குப் போய்ப் படுப்பார். புதுச்சேரிப் பாகூர் பக்கத்துக்காரருக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் கிட்டே. ஆட்கள் பேருந்து ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய பதிவுகள் அப்படிப் போவதில்லை.

நான்கும் சரியான எண்கள்தான்

ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது ஆண், இடது கால் வீக்கம், பல ஆண்டுகளாக. சுகாதார நிலையப் பட்டியலில் அவர் ஃபைலேரியா நோயாளி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 படி எழுதினால் பி74. காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்குத் தோலடி அழற்சி, எல்03.1. வீக்கத்துக்காக அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டியபோது ஐ89.0, அதாவது வேறெங்கும் வகைப்படுத்தப்படாத நிணநீர் வீக்கம். அப்புறம், இதே புழுவால் வரக்கூடிய விரைவீக்கத்துக்கு அறுவை செய்துகொண்டபோது என்43.3. நான்கு இடத்தில் நான்கு எண்கள், ஒன்றும் தவறில்லை. ஒவ்வொரு இடத்திலும் எதற்காகச் சிகிச்சை கொடுத்தார்களோ அதைச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பி74 என்று தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு இவர் ஒரே ஒரு முறைதான் அகப்படுவார். அதுவும் அவருடைய தாக்குதலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பட்டியலில்.

இதில் ஐ89.0 கொஞ்சம் விசேஷமானது. அது உட்காரும் பிரிவின் தலைப்பே "தொற்று சாராத பிற நிணநீர்க் குழாய், நிணநீர் முடிச்சுக் கோளாறுகள்" என்பது. ஒட்டுண்ணிப் புழுவால் கால் வீங்கியவர், மருத்துவர் காரணத்தை எழுதாத ஒரே காரணத்தால், தொற்று சாராத நோயாளிகளோடு போய் உட்கார்ந்துவிடுகிறார். ஐசிடியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது எண்ணுவதற்காகப் பிறந்தது. ஒருவரை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரே ஓர் இடம் கொடுக்கிறது, எங்கும் அடங்காதவற்றுக்குப் "பிற", "குறிப்பிடப்படாத" என்று மிச்சப் பெட்டிகள் வைக்கிறது. "வேறெங்கும் வகைப்படுத்தப்படாத" என்பதன் எல்லை அந்த நூலின் மற்றப் பக்கங்களைப் பொறுத்தது. அடுத்த பதிப்பில் வேறொரு பக்கத்தில் ஒரு வரி கூடினால், இங்கே ஒன்றும் மாறாமலேயே இந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர்கள் மாறிப்போவார்கள்.

மருத்துவக் கருத்துகளுக்கான இன்னொரு குறியீட்டு அமைப்பான ஸ்னோமெட் சிடி வேறு மாதிரி. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை தாய் வேண்டுமானாலும் இருக்கலாம். ஃபைலேரியாவால் வந்த யானைக்கால் ஒட்டுண்ணி நோய்களின் கீழும் வரும், நிணநீர் மண்டல நோய்களின் கீழும் வரும். காரணமான உயிரி எது, உடலில் எந்த இடம் என்பவை தனித்தனிப் பண்புகளாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இந்தியா 2014-இல் இதன் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையம் வழியாக நாட்டுக்குள் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஸ்னோமெட்டிலிருந்து ஐசிடி-10க்குப் போக அதிகாரபூர்வமான பொருத்தமும் உண்டு. நுணுக்கமான இடத்திலிருந்து பெரிய பெட்டிக்குப் போவதால் அந்தப் பயணம் நடக்கும். சிக்கல் என்னவென்றால் எங்களுக்குத் தேவையான பயணம் எதிர்த்திசையில். பழைய பதிவில் இருப்பது ஐ89.0. அதிலிருந்து ஸ்னோமெட்டுக்குப் போக வேண்டுமானால், பதிவில் இல்லாத ஒரு தகவலை எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். எந்த டேபிளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

பி74-க்குள்ளேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பி74.0 என்றால் உச்செரேரியா பான்கிராஃப்டி புழு, பி74.1 என்றால் புரூகியா மலேயி. பல ஆண்டுகள் வீங்கிய காலோடு வருகிறவரிடம் எந்தப் புழு என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்தக் கடற்கரையில் பான்கிராஃப்டிதான் என்பது கொசு ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். ஆகவே பட்டியலை அப்படியே பி74.0-க்குக் கொண்டுபோகலாமா? ஊரைப் பற்றிய அறிவின்படி போகலாம். ஆளைப் பற்றிய ஆதாரத்தின்படி பி74.9-இல் நிற்க வேண்டும். இரண்டும் நியாயமான முடிவுகள். எது எடுத்தாலும் எந்த நியாயத்தில் எடுத்தோம் என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

மூன்று என்றால் எந்த மூன்று

குறியீடுகளை விட என்னை அதிகம் படுத்தியவை நிலைகள். வீக்கத்தின் தீவிரத்தை எழுதப் பல அளவுகோல்கள் உண்டு. திட்டப் பட்டியல்களில் நான்கு நிலை. நிணநீர் மருத்துவர்களின் சர்வதேசச் சங்கத்தினுடையது சுழியம் முதல் மூன்று வரை. பிரேசில் மருத்துவர் ஜெருசா டிரேயர் ஃபைலேரியா கால்களுக்கென்றே கொடுத்தது ஏழு நிலை. மூன்று மூலங்களிலும் "ஸ்டேஜ்" அல்லது "கிரேடு" என்று ஒரு நெடுவரிசை, அதில் ஓர் எண். மென்பொருள் பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி. ஆனால் டிரேயரின் மூன்று என்பது தோலில் ஆழமில்லாத மடிப்பு விழுந்த கால். சங்கத்தின் மூன்று என்பது அந்த அளவுகோலின் கடைசிப் படி, தோல் தடித்து இறுகிப்போன யானைக்கால். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கொட்டிவிட்டுப் பராமரிப்பால் பலன் உண்டா என்று கணக்குப் போட்டால், வருகிற விடைக்கு நோயாளிகளோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது.

டிரேயரின் ஏழாவது நிலையில் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். இரண்டு முதல் ஆறு வரை தோலைப் பார்த்துச் சொல்வது: வீக்கம் இரவில் வடியாதது, மடிப்பு, முண்டு, ஆழமான மடிப்பு, பாசி படிந்தது போன்ற மேற்பரப்பு. ஏழு என்பது தோலைப் பற்றியதே இல்லை. தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாதவர் ஏழு. அதாவது ஒரே ஏணியின் உச்சிப் படியில் உடம்பை விட்டுவிட்டு வாழ்க்கைக்குத் தாவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐசிஎஃப் வகைப்பாடு இப்படிப்பட்டவற்றுக்கென்றே உருவானது. உடலின் நிலை தனி, ஒருவர் என்னென்ன செய்ய முடிகிறது என்பது தனி, ஊரோடு கலந்து வாழ முடிகிறதா என்பது தனி என்று பிரித்து எழுத அதில் இடம் உண்டு. ஏழாம் நிலையை ஐசிஎஃப் பக்கம் தள்ளினால், அவருடைய தோல் எப்படி இருந்தது என்ற தகவல் காலியாகிவிடும். தள்ளாவிட்டால், தோல் நிலைகளின் சராசரியில் தோலே அல்லாத ஒன்று கலந்துவிடும்.

கடலூர் பழைய நகரத்தில் இருந்த என் அத்தைக்குக் காலில் முண்டு முண்டாக இருக்கும். டிரேயர் கணக்கில் நான்கு. துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு விடிகாலையில் நடந்தே போய்விட்டு வருவார். எதிர்வீட்டு அக்காவுக்கு வீக்கம் அதைவிடக் குறைவு, ஆனால் கல்யாணம் காட்சி என்று எங்கும் வராமல் வீட்டோடு இருந்துவிட்டார். எந்த அளவுகோலின்படியும் அத்தை நோய் முற்றியவர், அக்கா லேசானவர். இந்த இருவரையும் நெருங்கிப் பார்த்து வளர்ந்த எனக்கு, தரவில் அவர்கள் இருவரும் சரியாக வர வேண்டும் என்பது தொழில்நுட்ப விஷயமாகத் தோன்றுவதே இல்லை. போதாததற்கு, தமிழக அரசு நான்காம் நிலை நோயாளிகளுக்கு மாத உதவித்தொகை கொடுக்கிறது. மிக நல்ல திட்டம். ஆனால் அந்த நான்கு என்ற எண்ணில் பணமும் ஒட்டியிருப்பதால், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஊசலாடுகிற ஒரு காலைப் பார்க்கும் கிராம செவிலியர் இரக்கத்தோடு எந்தப் பக்கம் சாய்வார் என்று யோசிக்கலாம். அதே எண் எந்தச் சலுகையும் இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டால் அதன் எடை வேறு.

பரிசோதனை முடிவுகளிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்கெடுப்புகளில் "பாசிட்டிவ்" என்றால் இரவு ரத்தப் பூச்சில் நுண்புழு தென்பட்டது என்று பொருள். அந்தப் புழுக்கள் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் பத்து மணிக்கு மேல் தெருத்தெருவாகப் போய் விரலில் குத்தி எடுத்தார்கள். புதிய பட்டியல்களில் "பாசிட்டிவ்" என்றால் பட்டைச் சோதனையில் வளர்ந்த புழுவின் ஆன்டிஜென் தெரிந்தது என்று பொருள். அதற்குப் பகல் ரத்தமே போதும். முன்னதில் இல்லாதவருக்குப் பின்னதில் இருக்கலாம். கால் வீங்கிப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இரண்டிலும் இல்லாமல் போகலாம். பரிசோதனைகளுக்கென்று 1994-இல் தொடங்கிய லாயின்க் என்ற குறியீட்டு அமைப்பு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. எதை அளந்தார்கள், எந்தப் பண்பை, எந்த நேரத்தில், எந்த மாதிரியில், எவ்வகை அளவில், எந்த முறையில் என்று ஆறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு சோதனைக்கும் எண் கொடுக்கிறது. பெயரைப் பார்த்துச் சேர்க்காமல் ஆறு கூறுகளையும் நிரப்பிப் பார்த்தால், இரண்டு "பாசிட்டிவ்"களும் தானே விலகி நின்றுவிடும்.

ரெக்கார்ட்ஸ் அறையில்

என் யோசனை திரும்பிய இடம் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அவர்களுடைய டிஸ்சார்ஜ் தரவை வரைபடமாகப் போட்டபோது ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பி74 சட்டென்று விழுந்தது. குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாத்திரைத் திட்டத்தின் பலன் கண்முன்னே தெரிகிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது இடித்தது. கால் வீக்கம் பல ஆண்டுகள் கூடவே இருப்பது, நோய் பரவுவது நின்றாலும் வீங்கிய கால்கள் ஒரே ஆண்டில் காணாமல் போகாது. அதே ஆண்டிலிருந்து ஐ89.0-உம் எல்03.1-உம் ஏறியிருந்தன. நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன்.

குறியீடு போடும் அம்மையார் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். வரைபடத்தைக் காட்டினேன். அதிகம் யோசிக்கவில்லை. "அந்த வருஷம்தான் டிஸ்சார்ஜ் சம்மரி ஃபாரத்த மாத்துனாங்க தம்பி. பழைய ஃபாரத்துல நோய்க்குக் காரணம்னு தனியா ஒரு வரி இருந்துச்சு. புதுசுல அது இல்ல. டாக்டர் லிம்ஃபெடீமான்னு மட்டும் எழுதிட்டுப் போயிடுவாரு."

"உங்களுக்குப் பார்த்தாலே தெரியுமே மேடம், இது ஃபைலேரியாதான்னு?"

"தெரியும். இந்த ஊர்ல எனக்குத் தெரியாதா? ஆனா டாக்டர் எழுதாதத நான் எப்படி தம்பி போட முடியும்? அது தப்பில்லையா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எழுதப்பட்டதைத்தான் குறியீடாக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். எந்தத் தேதியிலிருந்து எந்த ஃபாரம், எந்தப் பிரிவு எந்தச் சுருக்கெழுத்தைப் பயன்படுத்துகிறது, எந்தச் சந்தேகத்துக்கு எந்த மருத்துவர் என்ன விளக்கம் சொன்னார் என்று எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்டு அவர் எழுதவில்லை. அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் திண்டாடக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறார்.

எத்தனையோ ஆன்டாலஜிகளையும் (கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் வரையறுக்கும் அமைப்புகள்) கட்டுரைகளையும் படித்திருந்தாலும், எனக்கு விஷயம் விளங்கியது அந்த நோட்டைப் புரட்டியபோதுதான். ஐ89.0 என்ற குறியீட்டுக்கு நூலில் ஒரு பொருள் இருக்கிறது. இந்த மருத்துவமனையில், ஃபாரம் மாறுவதற்கு முன் அதற்கு ஒரு பொருள், மாறிய பின் இன்னொன்று. முன்பு அங்கே ஐ89.0 என்றால் காரணம் கேட்கப்பட்டு, ஃபைலேரியா இல்லை என்று தெரிந்தவர். பின்பு ஐ89.0 என்றால் காரணம் கேட்கப்படாதவர். டேபிளில் ஐ89.0 என்று ஒரே வரி போட்டு அதற்கு நேரே எதை எழுதினாலும், இரண்டில் ஒரு கூட்டத்துக்கு அநியாயம் நடக்கும். மாத்திரையால் நோய் குறைந்தது என்று அந்த வரைபடத்தை வைத்து யாராவது எழுதியிருந்தால், மாத்திரையும் உண்மை, குறைந்ததும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படம் காட்டியது ஒரு ஃபாரத்தில் காணாமல் போன ஒரு வரியை.

வரிக்கு வரி காரணம்

அதிலிருந்து எங்கள் டேபிளின் வடிவத்தை மாற்றினோம். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்எஸ்எஸ்ஓஎம் என்ற எளிய தரநிலை 2022-இல் கட்டுரையாக வெளிவந்தது. பொருத்தம் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, இரு பக்கத்துக்கும் என்ன உறவு, எந்த அடிப்படையில் பொருத்தினோம், யார் பொருத்தினார், எவ்வளவு நம்பிக்கை, எந்தப் பதிப்புகளுக்கு இடையில் என்பதையும் அதே வரியில் சேர்க்க அது இடம் தருகிறது. உறவைச் சொல்லப் பெரும்பாலும், சொற்களஞ்சியங்களை இணையத்தில் எழுதுவதற்கான ஸ்காஸ் என்ற தரநிலையின் சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: முழுப் பொருத்தம், நெருங்கிய பொருத்தம், அகன்றது, குறுகியது. இதில் முழுப் பொருத்தம் சங்கிலியாகத் தொடரும். அதாவது முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் முழுப் பொருத்தம் என்றால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றே. நெருங்கிய பொருத்தம் தொடராது. வேண்டுமென்றே அப்படி வரையறுத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வெறும் கோடாகப் போட்டால், நிணநீர் வீக்கத்திலிருந்து யானைக்கால், யானைக்காலிலிருந்து ஃபைலேரியா என்று இரண்டே தாவலில் மார்புப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கிய பெண்கள் ஃபைலேரியா நோயாளிகளாகிவிடுவார்கள்.

தானியங்கிப் பொருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெயர் ஒற்றுமையை வைத்து இயந்திரம் பரிந்துரைப்பது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆயிரக்கணக்கான வரிகளை மனிதர் மட்டுமே பார்க்க முடியாது. ஆனால் "எலிஃபன்டியாசிஸ்" என்ற பெயரை வைத்துத் தேடினால் போடோகோனியோசிஸும் வந்து நிற்கும். அது எத்தியோப்பியா போன்ற நாடுகளின் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வரும் வீக்கம். புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. இயந்திரம் முன்மொழியட்டும், ஏற்பதும் தள்ளுவதும் அந்த நோயையும் அந்த ஊரையும் அறிந்தவர் கையில் இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. தள்ளிய வரிகளையும் அழிக்காமல், தள்ளியதற்கான காரணத்தோடு வைத்திருக்கிறோம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு இயந்திரம் அதையே மறுபடி கொண்டுவரும்.

எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே பெரிய அமைப்பு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1986-இல் யுஎம்எல்எஸ் திட்டத்தைத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களஞ்சியங்களிலிருந்து ஒரே பொருளுள்ள பெயர்களை ஒரே எண்ணின் கீழ்ச் சேர்த்துக்கொண்டே வருகிறது. இந்தத் துறையில் யார் வேலை செய்தாலும் அதற்குக் கடன்பட்டவர்கள்தான். ஆனாலும் அது மூலக் களஞ்சியங்களை அழித்து ஒன்றாக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பார்வையோடு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு பொது எண் நிற்கிறது. 1998-இல் ஈ, எலி, ஈஸ்ட் ஆய்வாளர்கள் மூவர் கூட்டமாகத் தொடங்கிய, ஜீன்களின் வேலையை விவரிக்கும் ஜீன் ஆன்டாலஜி வென்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன ஆதாரம் என்று கூடவே ஓர் ஆதாரக் குறியீடு வைத்தார்கள். சோதனையில் கண்டதா, வரிசை ஒற்றுமையை வைத்து ஊகித்ததா என்று படிப்பவர் பிரித்துக்கொள்ளலாம்.

சித்த மருத்துவத்திலும் இதே கவனம் வேண்டும். ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளம் 2017-இல் வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப்பெயர்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் அங்கே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் இம்மூன்றுக்கும் ஐசிடி-11-இல் ஒரு தனிப் பகுதி கொடுத்தது. எங்கள் பகுதியில் கால் வீங்கியவர்களில் பலர் ஒரு கட்டத்தில் சித்த மருத்துவரிடம் போய்வந்தவர்கள், அந்தப் பதிவுகள் எங்களுக்குத் தேவை. வாதம், பித்தம், கபம் என்று நோயைப் பகுக்கிற முறையில் எழுதிய ஒரு குறிப்பை, புழுவை வைத்துப் பகுக்கிற பி74-க்கு முழுப் பொருத்தம் என்று எழுதினால் இரண்டு மருத்துவங்களுக்குமே மரியாதை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரே ஆளிடம் எவையெல்லாம் சேர்ந்து வருகின்றன என்று பார்ப்பதே ஆராய்ச்சி.

இப்போது எங்கள் குழுவில் சூடாக ஓடிக்கொண்டிருப்பது விரைவீக்கம். அறுவை சிகிச்சைப் பிரிவின் ரிஜிஸ்டர்கள் மிகப் பழையவை, அந்தக் காலத்து ஐசிடி-9 படி வெறும் 603 என்று இருக்கும், பிற்பாடு என்43.3. காரணம் எங்கும் இல்லை. நோய் பரவிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கடற்கரையில் வந்த விரைவீக்கங்களில் பெரும்பாலானவை ஃபைலேரியாவால் என்று கொள்வதற்கு நியாயம் உண்டு. பரவல் அடங்கிய பிறகு அதே குறியீட்டோடு வருகிறவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஆக, ஊரும் ஆண்டும் இல்லாமல் இந்த வரியை எழுதவே முடியாது. கடலூர் என்றால் எந்த ஆண்டு வரை? குழுவில் உள்ள தொற்றுநோயியல் நிபுணர் 1996-ஐ எல்லையாக வைக்கலாம், மாத்திரை தொடங்கிய ஆண்டு என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வளர்ந்த புழு உடம்பில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், விரைவீக்கம் தொற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். 1996-இல் மாத்திரை விழுங்கிய இளைஞர் 2010-இல் அறுவைக்கு வந்திருக்கலாம், அவருக்குள் நடந்தது 1990-இல் தொடங்கியிருக்கலாம். ஆண்டைவிடப் பிறந்த ஆண்டை எல்லையாக வைப்பது பொருந்தும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு அறுவை ரிஜிஸ்டரில் வயது இருந்தாக வேண்டும். சில ஆண்டுகளில் இருக்கிறது, சிலவற்றில் "பெரியவர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இப்போதைக்கு அந்த வரிகளை எந்தப் பக்கமும் சேர்க்காமல், "நெருங்கிய பொருத்தம், காரணம் தெரியவில்லை" என்று ரிஜிஸ்டரில் இருந்த சொற்களோடு அப்படியே வைத்திருக்கிறோம்.